ஊஞ்சல் சத்தம்: பேய் வீட்டுக் கதையில் எதைக் காட்டுவது, எதை விடுவது

சில வருடங்களுக்கு முன் ஒரு பேய் வீட்டுக் கதை எழுதினேன். பாழடைந்த பங்களா, அமாவாசை இருட்டு, நாயின் ஊளை, மல்லிகை வாசனை, கொலுசுச் சத்தம், கடைசியில் தலைவிரி கோலமாய் வெள்ளைப் புடவை. ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. படித்து முடித்த என் தங்கை, "பேயைப் பார்த்தா பாவமா இருக்குண்ணே, எத்தனை வருஷமா அதே புடவையைக் கட்டிக்கிட்டு நிக்குது" என்றாள்.

அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எழுத உட்கார்ந்தேன். கும்பகோணம் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு. ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லையில் கிணறு. புதிதாகக் கல்யாணமான ராஜியும் அவள் கணவனும் வாடகைக்கு வருகிறார்கள். கூடத்தில் ஊஞ்சல். இரவில் அது ஆடும் சத்தம் கேட்கிறது. கதை அவ்வளவுதான். ஆனால் எழுதும்போது இப்படியா அப்படியா என்று பல இடங்களில் பேனா நின்றது. பேயைக் காட்டுவதா, ஒளிப்பதா? காரணத்தைச் சொல்வதா? 'நான்' என்று எழுதுவதா, 'அவள்' என்று எழுதுவதா? அப்படி நின்ற இடங்களில் நான் எடை போட்டுப் பார்த்தது இது.

முதலில் காட்டுவதா, ஒளிப்பதா. ஊஞ்சல் காட்சியை மூன்று விதமாக எழுதினேன்.

ஒன்று: "ஊஞ்சலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மெதுவாகத் திரும்பினாள். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழிகள்."

இரண்டு: "கூடத்தில் ஊஞ்சல் கிறீச்சிட்டது. ராஜி எழுந்து போய் விளக்கைப் போட்டாள். ஊஞ்சலில் யாரும் இல்லை. பலகை மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது."

மூன்றாவது கொஞ்சம் வேலை வாங்கியது. கதையின் இரண்டாம் பக்கத்திலேயே, குடிவந்த அன்று ஃபிரிட்ஜை உள்ளே கொண்டுபோக ஊஞ்சல் இடைஞ்சலாக இருக்கிறது. பலகையையும் சங்கிலியையும் கழற்றிப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். ஃபிரிட்ஜ் தூக்கிய ஆட்கள் கூலிக்குப் பேரம் பேசுகிறார்கள், ராஜியின் கணவன் விரலை நசுக்கிக்கொள்கிறான், வாசகர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஆறாம் பக்கத்தில் ஒரே வரி: "புது இடம் என்றாலும், ஊஞ்சல் ஆடும் சத்தத்தில் ராஜிக்கு நன்றாகவே தூக்கம் வந்தது."

முதல் வடிவத்தில் ஒரு அதிர்ச்சி இருக்கிறது, ஆனால் குழிக்கண்ணை நாம் ஏற்கெனவே நூறு தடவை பார்த்தாயிற்று. இரண்டாவது பரவாயில்லை. என்றாலும் காற்றில் ஆடியிருக்கலாம் என்று மனம் உடனே சமாதானம் சொல்லிக்கொள்கிறது. மூன்றாவதில் பயப்பட வேண்டியவள் பயப்படவில்லை, தூங்கிவிட்டாள். விழித்திருப்பது வாசகர் மட்டும்தான். அவருக்குத்தான் அந்த வீட்டில் இப்போது ஊஞ்சலே இல்லை என்று தெரியும்.

மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் பேயைப் பற்றியதே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. வாசகருக்கு அந்த வீட்டைப் பற்றி முன்கூட்டியே என்ன தெரியும் என்பதுதான் வித்தியாசம். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், எந்தப் படி ஆடும், பரணில் என்ன கிடக்கிறது என்று அவர் அங்கே நாலு நாள் குடியிருந்தவர்போல் அறிந்திருந்தால், ஒரு சின்னப் பிசகு போதும். இதை அளவுகோலாக வைத்துக்கொண்ட பிறகு மற்ற கேள்விகள் கொஞ்சம் சுலபமாயின.

ஒளிப்பதற்கு ஆதரவாகப் பெரிய பெரிய சாட்சிகள் உண்டு. ஆங்கிலத்தில் கோட்டையும் ரகசிய அறையுமாக எழுதிக் குவித்த ஆன் ராட்கிளிஃப், அவர் இறந்தபின் 1826-ல் வெளியான கட்டுரை ஒன்றில் திகிலையும் கோரத்தையும் பிரித்துக் காட்டினார். திகில் மனத்தை விரித்து விழிக்க வைக்கும், கோரம் அதைச் சுருக்கி உறைய வைக்கும் என்பது அவர் கட்சி. ஆனால் அவரே ஒளித்ததைக் கடைசியில் விளக்கிக் கெடுத்துக்கொண்டவரும்கூட. 1794-ல் வந்த 'உடோல்ஃபோ' நாவலில் கறுப்புத் திரைக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்து நாயகி மயங்கி விழுகிறாள். நூற்றுக்கணக்கான பக்கங்கள் தள்ளி, அது மெழுகுப் பொம்மை என்கிறார். அடப் போங்கம்மா என்றிருக்கிறது.

எதிர்க்கட்சியையும் கேட்க வேண்டும். அமெரிக்கத் திகில் நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் 1981-ல் எழுதிய 'டான்ஸ் மக்காப்ர' நூலில் மூடிய கதவைப் பற்றிப் பேசுகிறார். கதவுக்குப் பின்னால் பத்தடிப் பூச்சி இருந்தால் வாசகர் அலறுவார், ஆனால் உள்ளுக்குள் 'நல்லவேளை, நூறடி இருக்கும் என்று நினைத்தேன்' என்று ஆறுதலும் அடைவார். இது தெரிந்திருந்தும் ஏதாவது ஒரு கட்டத்தில் கதவைத் திறந்துவிடுவதே தன் வழி என்கிறார் அவர். கதவைத் திறக்காமலே காலத்தை ஓட்டுவது ஒருவிதத்தில் தோற்காமல் இருப்பதற்காக ஆடும் ஆட்டம். அதில் நியாயம் இருக்கிறது. ஐந்நூறு பக்க நாவலில் கடைசிவரை ஒன்றுமே காட்டாவிட்டால் வாசகருக்குக் கோபம்தான் வரும். பத்துப் பக்கச் சிறுகதைக்கு அந்தக் கடன் கிடையாது.

ஒளிப்பது என்றால் ஒன்றும் தராமல் இருப்பது என்று நினைத்துத்தான் பலர் சறுக்குகிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சனின் 1959-ஆம் ஆண்டு நாவலில் வரும் ஹில் ஹவுஸில் பேயின் உருவத்தை அவர் வர்ணிப்பதே இல்லை. ஆனால் கதவுகள் இடிபடுகின்றன, குளிர் வருகிறது, சுவரில் எழுத்து வருகிறது. ஓர் இரவு, அங்கே வந்து தங்கியிருக்கும் எலினோர் இருட்டில் ஏதோ முணுமுணுப்பைக் கேட்டு நடுங்கி, பக்கத்தில் இருக்கும் தோழியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். வெளிச்சம் வந்ததும் பார்த்தால் தோழி தள்ளி வேறு கட்டிலில் இருக்கிறாள். அப்படியானால் பிடித்திருந்தது யார் கை? கண்ணுக்கு ஒன்றும் காட்டாமல் உள்ளங்கைக்குக் கொடுத்துவிட்டார். நான் எடுத்துக்கொண்ட முடிவும் இதிலிருந்து வந்ததுதான்: கண்ணை மூடு, காதுக்கும் மூக்கிற்கும் தோலுக்கும் கொடு. கண் ஒன்றைப் பார்த்தால் தெரிந்துகொண்டுவிடுகிறது. காது சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கும்.

தமிழில் எழுதுபவருக்கு இந்த இடத்தில் ஒரு தனிச் சிக்கல், ஒரு தனி வசதி. சிக்கல், நம் வினைமுற்று. வந்தான், வந்தாள், வந்தது என்று வினைமுற்றே திணையையும் பாலையும் காட்டிக்கொடுத்துவிடும். ஊஞ்சலில் 'உட்கார்ந்தாள்' என்று எழுதிய கணமே அது ஒரு பெண், அவளுக்கு ஒரு சோகக் கதை இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் அழப்போகிறாள் என்பது வரை வாசகர் போய்விடுவார். 'யாரோ உட்கார்ந்தார்கள்' என்றால் அக்கம்பக்கத்து விருந்தாளி. 'உட்கார்ந்தது' என்று மட்டும் எழுதிப் பாருங்கள். எழுவாயைச் சொல்லாமல் விடுவது நம் மொழியில் தினமும் நடப்பது, யாரும் இலக்கணப் பிழை என்று சொல்ல முடியாது. "பலகை கீழே அழுந்தியது. உட்கார்ந்துகொண்டது." எது என்று நான் சொல்லவில்லை. சொல்லாததை வாசகர் கவனிப்பதற்குள் அது உட்கார்ந்தாயிற்று.

வசதி, பெயரெச்சம். 'அவள் இறுகப் பிடித்திருந்த, அவ்வளவு நேரமும் லேசாகத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த கை' என்று கை கடைசியில்தான் வரும். வாக்கியம் நீள நீள எது வரப்போகிறது என்று தெரியாமலே வாசகர் நடந்துகொண்டிருப்பார். இருட்டு ரேழியில் நடப்பது மாதிரி. ரொம்ப நீட்டினால் மூச்சு முட்டிவிடும், இரண்டு எச்சம் போதும். இன்னொன்று, 'திடீரென்று', 'அமானுஷ்யமான', 'இனம்புரியாத' ஆகிய மூன்று சொற்களையும் என் வரைவிலிருந்து தேடித் தேடி அழித்தேன். மொத்தம் பதினேழு இருந்தன.

அடுத்தது அதிர்ச்சியா, காத்திருப்பா. இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது தெரியாமல் அது வெடித்தால் பதினைந்து நொடி அதிர்ச்சி, தெரிந்திருந்தால் பதினைந்து நிமிடப் பதைப்பு என்று திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் சொன்னது சினிமாவுக்கே பொருந்துமென்றால் எழுத்துக்கு இன்னும் பொருந்தும். திரையில் சத்தத்தைக் கூட்டலாம். காகிதத்தில் முடியாது, செல்போனில் படிப்பவரின் கண் நாலு வரி முன்னாலேயே ஓடிவிடுகிறது. ஆச்சரியக்குறி போட்டால் பயம் கூடாது. ஒலிக்கதையாகப் பதிவு செய்பவர்களுக்கு மட்டும் அதிர்ச்சி கைகொடுக்கும், அங்கே வேகம் சொல்பவர் கையில் இருக்கிறது.

காத்திருக்க வைப்பதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். அது எனக்குத் தொல்காப்பியத்தில் கிடைத்தது என்றால் சிரிப்பீர்கள். மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்று ஒரு நூற்பா: "அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே." அணங்கு, அதாவது ஆளை வருத்தும் தெய்வமோ பேயோ, முதலில் இருக்கிறது. கதைக்கு அந்த வரிசையைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். நள்ளிரவில் கூடத்தில் சத்தம். ராஜி முதலில் எலி என்று நினைக்கிறாள், அது விலங்கு. பிறகு திருடனோ என்று கணவனை எழுப்புகிறாள், அது கள்வர். மறுநாள், சாவி இன்னொன்று வைத்திருக்கும் வீட்டுக்காரர் மேல் சந்தேகம் வருகிறது. தமக்கு மேலே இருப்பவர்தானே இறை, வாடகை வீட்டில் அவரைவிட மேலே யார்? இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக விலக்கிய பிறகு மிஞ்சுவது ஒன்றுதான். அதன் பெயரைக் கதையில் நான் சொல்லவே வேண்டியதில்லை.

எம். ஆர். ஜேம்ஸும் ஏறக்குறைய இதைத்தான் செய்தார். கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரித் தலைவராக இருந்துகொண்டு, கிறிஸ்துமஸ் இரவில் நண்பர்களுக்குப் பேய்க் கதை வாசித்துக் காட்டியவர். மனிதர்களை அவர்களுடைய அன்றாட வேலையில் நிம்மதியாக அறிமுகப்படுத்து, அந்த நிம்மதிக்குள் விபரீதம் முதலில் மெல்லத் தலைகாட்டட்டும், பிறகு அழுத்தமாக வரட்டும் என்பது 1924-ல் அவர் எழுதிய முன்னுரையின் சாரம். இயற்கையான விளக்கத்துக்கு ஒரு சந்து விட்டுவைக்கலாம், ஆனால் அந்தச் சந்து ஆள் நுழைய முடியாத அளவுக்குக் குறுகலாக இருக்கட்டும் என்றும் சொன்னார். எலி ஊஞ்சலை ஆட்டலாம். பரணில் கிடக்கும் ஊஞ்சலைக் கூடத்தில் ஆட்ட முடியாது.

இனி நான் அதிகம் தடுமாறிய இடம்: காரணம். அந்த வீட்டில் ஏன் இப்படி நடக்கிறது?

உலகின் பழைய பேய் வீட்டுக் கதைகளில் ஒன்று ரோமாபுரிக்காரரான இளைய பிளினி எழுதிய கடிதத்தில் இருக்கிறது. சுமார் 1,900 வருடம் ஆகிறது. ஏதென்ஸில் ஒரு பெரிய வீடு. இரவில் இரும்புச் சத்தம், கவனித்தால் சங்கிலிச் சத்தம், முதலில் தூரத்தில், பிறகு பக்கத்தில். பிறகுதான் விலங்கிட்ட கிழவன் தெரிகிறான். அத்தெனோடோரஸ் என்ற தத்துவவாதி வாடகை குறைவாக இருப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, விசாரித்து, விஷயம் தெரிந்தே குடிவருகிறார். (வாடகை குறைவென்றால் சந்தேகப்படும் புத்தி அன்றைக்கே இருந்திருக்கிறது.) எழுதிக்கொண்டிருக்கும்போது பேய் வந்து விரலால் கூப்பிட, கொஞ்சம் பொறு என்று கைகாட்டிவிட்டு இவர் எழுத்தைத் தொடர்கிறார். கடைசியில் அது முற்றத்தில் மறைந்த இடத்தைத் தோண்டினால் சங்கிலியோடு எலும்புகள். முறைப்படி அடக்கம் செய்ததும் வீடு அமைதியாகிறது.

இதற்கு நேர் எதிர் அர்ஜென்டினாவின் ஹூலியோ கொர்த்தஸார் 1946-ல் வெளியிட்ட 'ஆக்கிரமிக்கப்பட்ட வீடு'. ஓர் அண்ணனும் தங்கையும் பரம்பரை வீட்டில் தனியாக இருக்கிறார்கள். அவள் பின்னிக்கொண்டே இருப்பாள், அவன் புத்தகம் படிப்பான். அறைகள் எப்படி எப்படி அமைந்திருக்கின்றன, நடுவில் கனமான ஓக் கதவு எங்கே இருக்கிறது என்று கொர்த்தஸார் நிதானமாக வரைபடம் போடுகிறார். ஒருநாள் பின்பகுதியில் சத்தம். கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டு, பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று அவன் சொல்ல, அப்படியானால் இனி இந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும் என்கிறாள் அவள். அவ்வளவுதான் பேச்சு! கடைசியில் வீட்டை விட்டே வெளியேறி, சாவியைச் சாக்கடையில் போட்டுவிட்டுப் போகிறார்கள். யார் பிடித்தார்கள், எதற்கு என்று ஒரு வார்த்தை கிடையாது.

இரண்டில் எது? நம் ஊர்ப் பேய்களுக்குக் காரணம் இல்லாமல் இருந்ததே இல்லை. தூக்குப் போட்டுக்கொண்டவர், கிணற்றில் விழுந்தவர், பிரசவத்தில் போனவர், ஆசை தீராமல் போனவர். பூசாரி முதலில் கேட்பதே "யார் நீ, எதுக்கு வந்தே?" என்றுதான். பதில் கிடைத்தால் பரிகாரம் உண்டு. அதனால் காரணத்தைச் சொல்லும்போது கதை பிளினியின் பக்கம் சாய்ந்து ஒரு நீதிக் கதையாகிவிடுகிறது. நம் பேய்ப் படங்களில் இடைவேளைக்குப் பிறகு ஃபிளாஷ்பேக் வந்ததும் நாம் பேயின் கட்சிக்கு மாறி, வில்லனை எப்போது கொல்லும் என்று காத்திருக்க ஆரம்பிக்கிறோமே, அதுதான். அது கெட்ட கதை இல்லை. அநியாயமாகச் செத்தவருக்கு நியாயம் கேட்பது உங்கள் நோக்கமென்றால் தாராளமாக அந்த வழியில் போகலாம். பயமுறுத்துவதுதான் நோக்கமென்றால் ஃபிளாஷ்பேக் வரும்போது பயம் எழுந்து போய்விடும்.

கொர்த்தஸாரைப் போல முழுதாக விட்டுவிடுவதிலும் ஆபத்து இருக்கிறது; எதுவும் நடக்கலாம் என்றாகிவிட்டால் எதற்கும் பயம் வராது. அவர் தப்பிப்பதற்குக் காரணம், அவரிடம் வரலாறு இல்லையே தவிர விதி இருக்கிறது. அது பகுதி பகுதியாகத்தான் முன்னேறும், பிடித்ததைத் திருப்பித் தராது. நானும் அதையே செய்தேன். ஊஞ்சலில் யார், எப்போது செத்தார் என்று எழுதியிருந்த ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்தேன். கூடத்து விளக்கு அணைந்திருந்தால்தான் சத்தம் வரும் என்ற ஒரு விதியை மட்டும் வைத்தேன். அதன் பிறகு மின்வெட்டு என்ற சாதாரண விஷயம் போதுமானதாகிவிட்டது.

சொல்பவர் யார் என்பதில் என் தீர்ப்பு பலருக்குப் பிடிக்காது. 'நான்' என்று எழுதினால் நெருக்கம் வரும் என்பது உண்மை. ஹென்றி ஜேம்ஸ் 1898-ல் எழுதிய 'தி டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ'வில் பேய்களைப் பார்த்ததாகச் சொல்வது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த ஒரு வீட்டு ஆசிரியை. பேய்கள் நிஜமா, அவள் மனக்கோளாறா என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. 1934-ல் அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் அவை அவளுடைய பிரமை என்று வாதாடி அந்தச் சண்டையைப் பெரிதாக்கினார். தமிழில் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யும் இந்த ஜாதிதான். கதை சொல்பவர் தூக்கம் வராத ஓர் எழுத்தாளர். பிச்சை கேட்டு வந்தவளின் கால் தரையில் பாவவில்லையோ என்று பார்க்கிறார், மறுபடி பார்த்தால் பாவித்தான் இருக்கிறது. இரவில் நல்ல வாசனையாக ஆரம்பிப்பது பிண நாற்றமாக மாறுகிறது. நம்புவதா வேண்டாமா என்று நம்மையும் தூங்கவிடாமல் செய்கிறார்.

ஆனால் அவர்கள் ஹென்றி ஜேம்ஸும் புதுமைப்பித்தனும். என் போன்றவர்கள் 'நான்' என்று எழுதினால் வாசகருக்குத் தப்பிக்க இரண்டு வழி கிடைத்துவிடுகிறது. ஒன்று, சொல்ல ஆள் இருக்கிறார், எனவே பிழைத்துவிட்டார். இரண்டு, ஆளுக்குக் கொஞ்சம் மூளை பிசகியிருக்கலாம். மனம் பேதலிப்பதே உங்கள் கதையென்றால் 'நான்' தவிர வேறு வழியில்லை. வீடுதான் கதையென்றால், ராஜியின் தோளுக்குப் பின்னால் நின்று, குரலை உயர்த்தாமல், பஞ்சாயத்து எழுத்தர் மாதிரி வறட்சியாகச் சொல்லிக்கொண்டு போவது நல்லது. "ஊஞ்சல் ஆடும் சத்தத்தில் ராஜிக்கு நன்றாகவே தூக்கம் வந்தது" என்ற வரியை ராஜியே சொல்ல முடியாது பாருங்கள். சொன்னால் அவளுக்கு அப்போதே தெரிந்துவிடும்.

பழைய வீடா, புது அடுக்குமாடியா என்பதைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் அது அவ்வளவு முக்கியமில்லை. பழைய வீட்டுக்குச் சூழல் இலவசமாகக் கிடைக்கிறது, கூடவே நான் தூக்கிப் போட்ட மல்லிகையும் கொலுசும் வந்து ஒட்டிக்கொள்ளும். புது ஃபிளாட்டில் வரலாறு இல்லை, அதனால் காரணம் கேட்க யாருக்கும் தோன்றாது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் டிவி பார்த்துக்கொண்டிருக்கும், தனிமையை உண்டாக்கத் தனியாகப் பாடுபட வேண்டும். எதுவானாலும் அளவு தெரிய வேண்டும். 2000-ல் வந்த 'ஹவுஸ் ஆஃப் லீவ்ஸ்' நாவலில் ஒரு வீட்டின் உட்புற அளவு வெளிப்புற அளவைவிட கால் அங்குலம் அதிகமாக இருக்கிறது. டேப்பை வைத்து அளந்து பார்க்கிறார்கள், மறுபடியும் கால் அங்குலம் அதிகம். வெள்ளைப் புடவைக்கு நான் ஒரு பக்கம் செலவழித்தேன், அதற்கு இந்தக் கால் அங்குலத்தில் பாதிப் பயம்கூட வரவில்லை. என் கதைக்குப் பழைய வீட்டையே வைத்துக்கொண்டு, உள்ளே ஃபிரிட்ஜையும் கேஸ் புத்தகத்தையும் கொண்டுவந்து நிரப்பினேன்.

புதிய வடிவத்தைத் தங்கைக்கு அனுப்பி இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் ராத்திரி பத்தரைக்குப் போன் வந்தது. கதை நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. "அண்ணே, அந்தப் பரண்ல பலகை இருக்கா இல்லையா? ராஜி ஏறிப் பார்க்கவே இல்லையே?" என்றாள்.

முந்தைய வரைவில் ஏறிப் பார்த்திருந்தாள். பரண் முழுக்கத் தூசி, பலகையில் மட்டும் இல்லை. அந்த வரியை வெட்டியிருந்தேன். தங்கையிடம் சொல்லவில்லை.